கசாக் வெட்டவெளியில் கல்லுருண்டைகள்: உருட்டியது யார்?

கேள்வி: என் தம்பி கசகஸ்தானில் அக்தாவ் நகரில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். சமீபத்தில் அவன் அனுப்பிய படம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். மரமே இல்லாத வெட்டவெளி. அதில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை உருண்டை உருண்டையாகக் கற்கள். சில கற்கள் அவனைவிட உயரம். சில, முட்டை உடைந்ததுபோல இரண்டாகப் பிளந்து கிடக்கின்றன. "டைனோசர் முட்டைன்னு இங்க சில பேர் சொல்றாங்கக்கா" என்று எழுதியிருக்கிறான். என் கணவர், "அதெல்லாம் இல்லை, எப்போதோ பெரிய வெள்ளம் வந்து உருட்டியிருக்கும், நம் காவிரிக் கூழாங்கல் மாதிரி" என்கிறார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளோ, "மாமல்லபுரத்து வெண்ணெய்ப் பந்து எப்படி உருண்டையாச்சோ அப்படித்தான்" என்கிறாள். மூவரில் யார் சொல்வது சரி? அடுத்த ஆண்டு குடும்பத்தோடு போய்ப் பார்க்க ஆசை. எப்போது போகலாம், அங்கே எதைக் கவனிக்க வேண்டும்?

— வாசகி, குளித்தலை

பதில்: கேள்வியோடு மூன்று விடைகளையும் சேர்த்தே அனுப்பிவிட்டீர்கள், அம்மா. இப்படி வீடே உட்கார்ந்து விவாதித்த கேள்வி கையில் கிடைப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். மூன்றும் சரியில்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் மூன்றும் யோசித்துச் சொன்னவை. ஒவ்வொன்றும் ஏன் பொருந்தவில்லை என்று பார்த்துக்கொண்டே போனால் உண்மைக் காரணம் தானாக வெளியே வந்துவிடும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் இருப்பது தோரிஷ் பள்ளத்தாக்கு. காஸ்பியன் கடலின் கிழக்குக் கரையை ஒட்டிய மாங்கிஸ்தாவ் மாகாணத்தில், ஷெட்பே என்ற சிற்றூரின் வட்டாரத்தில், மேற்குக் கராதாவ் மலைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்த மாதிரி நிலத்தை ஸ்டெப்பி என்பார்கள். மரம் வளரும் அளவுக்கு மழை இல்லாமல், குட்டைப் புல்லும் மாசிப்பத்திரி இனத்துச் செடிகளும் மட்டும் பிழைக்கிற பரந்த வெளி அது. மாங்கிஸ்தாவில் ஆண்டு மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால் புல்வெளி மெல்லப் பாலைவனமாக மாறும் எல்லையில் அது நிற்கிறது. உருண்டைகள் சில சென்டிமீட்டர் விட்டத்தில் தொடங்கி மூன்று, நான்கு மீட்டர் வரை இருக்கின்றன. படையெடுத்து வந்த எதிரிகளை இறைவன் கல்லாக்கிவிட்டான் என்று ஒரு கதையும் அங்கே சொல்லப்படுகிறது.

இனி டைனோசர் முட்டை. இதை நம்புகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. பிளந்து கிடக்கும் உருண்டையைப் பார்த்தால் யாருக்கும் அந்த எண்ணம்தான் வரும். ஆனால் முட்டைக்கு ஒரு வரம்பு உண்டு. உள்ளே இருக்கும் குஞ்சு ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியாகத்தான் மூச்சுவிடுகிறது. முட்டை பெரிதாகப் பெரிதாக, உள்ளிருக்கும் கனத்தைத் தாங்க ஓடும் தடிமனாக வேண்டும். ஓர் அளவுக்கு மேல் ஓடு தடித்தால் காற்றும் போதாது, குஞ்சால் உடைத்துக்கொண்டு வெளியே வரவும் முடியாது. அதனால்தான் எவ்வளவு பெரிய டைனோசராக இருந்தாலும் அதன் முட்டை சிறியது. இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பெரியவையே நீளவாக்கில் 60 சென்டிமீட்டர் அளவுதான். மூன்று மீட்டர் முட்டைக்கு வழியே இல்லை. தவிர, தோரிஷ் கற்கள் பிறந்த காலத்தில் அந்த இடம் கடலடியாக இருந்தது. டைனோசர்கள் முட்டையிட்டது தரையில்.

இதே குழப்பம் உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத இடத்திலேயே நடந்திருக்கிறது. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம், நீர்நிலை ஒன்றில் மண் எடுத்தபோது பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று செய்தி ஊரெல்லாம் பரவியது. நிலவியலாளர்கள் பார்த்துவிட்டு, அவை அம்மோனைட்டுகளோடு தொடர்புள்ள படிவுக் கற்கள் என்று சொன்னார்கள். அம்மோனைட் என்பது சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்து அழிந்துபோன கடலுயிர். இன்றைய கணவாய்க்கு உறவு. அரியலூர், பெரம்பலூர் பகுதிகளும் ஒரு காலத்தில் கடலுக்கடியில் இருந்தவை. உண்மையான டைனோசர் முட்டைகளும் அதே வட்டாரத்தில், அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் 2009இல் கிடைத்தன என்பதால் மக்கள் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. குன்னத்துக் கற்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தோரிஷின் விடை அவற்றுக்குள்ளேயே இருக்கிறது.

அடுத்தது உங்கள் கணவர் சொன்ன வெள்ளம். மூன்று மீட்டர் விட்டமுள்ள உருண்டையின் கன அளவு சுமார் 14 கன மீட்டர். கல்லின் அடர்த்தியைக் கணக்கில் எடுத்தால் எடை 35 டன் வருகிறது. இவ்வளவு பெரிய கல்லை ஒரு பெருவெள்ளம் நகர்த்திவிடும் என்றே வைத்துக்கொள்வோம். நகர்த்துவது வேறு, உருட்டி உருட்டிப் பந்தாக்குவது வேறு. காவிரி மணலில் நாலு கூழாங்கல்லை எடுத்துப் பாருங்கள். வழவழப்பாக இருக்கும், விளிம்பு மழுங்கியிருக்கும், ஆனால் பெரும்பாலும் தட்டையாகவோ நீள்வட்டமாகவோதான் இருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவான பந்து கூழாங்கல்லில் அபூர்வம். தோரிஷில் பந்துதான் வழக்கம். மேலும், வெள்ளம் உருட்டிக் கொண்டுவந்த கற்கள் என்றால் பலவகைப் பாறைகளும் கலந்து கிடக்க வேண்டும். இங்கே எல்லா உருண்டையும் ஒரே குடும்பம்.

உங்கள் மகளின் விடை மூன்றிலும் நுட்பமானது. வெண்ணெய்ப் பந்து கிரானைட். கிரானைட் பாறையில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல் ஓடி அதைக் கட்டங்களாகப் பிரிக்கும். மழையும் வெயிலும் ஒரு கட்டத்தைத் தாக்கும்போது அதன் முகத்தில் ஒரு பக்கமாகவும், விளிம்பில் இரண்டு பக்கமாகவும், மூலையில் மூன்று பக்கமாகவும் சிதைவு நடக்கிறது. ஆகவே மூலைதான் முதலில் கரையும். காலம் போகப் போகச் சதுரக்கல் உருண்டையாகும். இதற்குக் கோளச் சிதைவு என்று பெயர்; வெளிப்பக்கத்திலிருந்து தோல் தோலாக உரிந்து கல் உருண்டையாவது. தோரிஷில் நடந்தது இதற்கு நேர் எதிர். வெண்ணெய்ப் பந்து வெளியிலிருந்து உள்நோக்கித் தேய்ந்து உருண்டையானது. தோரிஷ் உருண்டை நடுவிலிருந்து வெளிநோக்கி வளர்ந்து உருண்டையானது.

கல் வளருமா என்று உங்கள் மகள் உடனே கேட்பாள். வளரும். நிலவியலில் இந்த வகைக் கல்லுக்கு கான்கிரீஷன் என்று பெயர். மண்படிவத்துக்குள்ளேயே ஒரு புள்ளியைச் சுற்றித் திரண்டு இறுகிய கல். தமிழில் திரட்கல் என்று வைத்துக்கொள்வோம்.

எப்படி என்று பார்ப்போம். தோரிஷ் திரட்கற்களின் வயது ஜுராசிக் காலத்துக்கும் கிரெட்டேசியஸ் காலத்தின் முற்பகுதிக்கும் இடைப்பட்டது என்று கணிக்கிறார்கள். சுமார் 18 கோடி முதல் 12 கோடி ஆண்டுகள். அப்போது ஆசியாவின் தென்பகுதியை மூடியிருந்த டெத்திஸ் பெருங்கடலின் வடகரைக் கடல்கள் மாங்கிஸ்தாவை மூடியிருந்தன. ஆறுகள் கொண்டுவந்த மணலும் வண்டலும் கடலடியில் அடுக்கடுக்காகப் படிந்தன. புதிதாகப் படிந்த மணல் கெட்டியானதல்ல. மணிகளுக்கு நடுவே நிறைய இடைவெளி, அந்த இடைவெளி முழுக்க உப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் கால்சியம் கரைந்திருக்கிறது.

இந்தப் படிவுக்குள் ஏதோ ஓர் உயிரின் மிச்சம் புதைகிறது. சிப்பியோ, மீனோ, மரத்துண்டோ, எதுவாகவும் இருக்கலாம். மண்ணுக்கடியில் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துபோகும். ஆக்சிஜன் இல்லாமலே வாழத் தெரிந்த பாக்டீரியாக்கள் கடல்நீரிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி அந்த மிச்சத்தைத் தின்னத் தொடங்கும். அவை வெளியேற்றும் பைகார்பனேட், சுற்றியுள்ள நீரின் வேதித்தன்மையை மாற்றுகிறது. கரைந்திருந்த கால்சியம் இனிக் கரைந்திருக்க முடியாமல் கால்சைட்டாகப் படிகிறது. கால்சைட் என்பது சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமம். அது மணிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் புகுந்து, மணலை மணலோடு சேர்த்து ஒட்டிவிடுகிறது.

ஒருமுறை ஒட்டத் தொடங்கிய இடத்திலேயே மேலும் மேலும் ஒட்டுவது எளிது. பனங்கற்கண்டு காய்ச்சுகிறவர்கள் பாகுக்குள் நூலைக் கட்டித் தொங்கவிடுவார்கள். பிடிப்பு கிடைத்த இடத்தில் முதல் பளிங்கு உட்காரும், அதன்மேல் அடுத்தது உட்காரும். கடலடியில் அந்தப் பிடிப்பைத் தருவது சிப்பி. ஒரு வித்தியாசம் உண்டு. கற்கண்டு பாகை விலக்கி இடம் பிடித்துக்கொள்கிறது. திரட்கல் மணலை விலக்குவதில்லை, மணல் இருந்தபடியே இருக்க நடுவிலுள்ள இடைவெளியை மட்டும் நிரப்புகிறது. இந்த வித்தியாசம்தான் பிறகு நமக்குச் சாட்சியாக வரப்போகிறது.

சரி, ஏன் உருண்டை? கால்சியம் ஆறுபோல ஒரே திசையில் ஓடி வரவில்லை. அசையாமல் நிற்கும் நீருக்குள் மெல்லப் பரவி வருகிறது. செறிவு அதிகமுள்ள இடத்திலிருந்து குறைவான இடத்துக்குக் கரைபொருள் தானாகப் பரவுவதை விரவல் என்பார்கள். திரட்கல் தன்னைச் சுற்றியுள்ள கால்சியத்தை இழுத்துத் தீர்த்துவிடுவதால், மேலிருந்தும் கீழிருந்தும் நான்கு பக்கத்திலிருந்தும் புதுக் கால்சியம் சம வேகத்தில் வந்துகொண்டே இருக்கிறது. எல்லாத் திசையிலும் சமமாகச் சரக்கு வந்தால் எல்லாத் திசையிலும் சமமாக வளர்ச்சி. அப்படி வளர்கிற எதுவும் பந்தாகத்தான் முடியும்.

இந்தக் காரணம் உண்மையென்றால், நிலைமை மாறும்போது வடிவமும் மாற வேண்டும் அல்லவா? மாறத்தான் செய்கிறது. களிமண் படிவத்தில் தண்ணீர் பக்கவாட்டில் எளிதாகவும் மேலும் கீழும் சிரமப்பட்டும் பரவும். அங்கே திரட்கற்கள் தட்டையாக இருக்கின்றன. நிலத்தடி நீர் ஒரே திசையில் ஊர்ந்த இடங்களில் அவை அந்தத் திசையில் நீண்டிருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்த இரண்டு ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொண்டால் இரட்டையாகும். மணல் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருந்த இடத்தில்தான் நல்ல பந்து. தோரிஷின் பந்துகளே அந்தக் கடலடி எவ்வளவு சீராக இருந்தது என்பதற்கு அத்தாட்சி.

இப்போது சாட்சி. நீங்கள் அனுப்பிய படத்தில் இடது ஓரத்தில் பிளந்து கிடக்கும் உருண்டையைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். உடைந்த முகத்தில் மெல்லிய கோடுகள் குறுக்கே ஓடுகின்றன. அவை மணல் அடுக்கடுக்காகப் படிந்த கோடுகள். திரட்கல் வெங்காயம்போல் தோல் மேல் தோலாகச் சேர்ந்திருந்தால் கோடுகள் வட்டமாக இருக்கும். வேறெங்கோ இருந்து உருண்டு வந்திருந்தால் ஒவ்வொரு கல்லிலும் ஒவ்வொரு திசையில் இருக்கும். இன்னும் மண்ணை விட்டு வெளியே வராமல் பாதி புதைந்திருக்கும் ஒரு திரட்கல்லைப் பார்த்தால், வெளியே மண்ணில் ஓடும் அடுக்குக் கோடு கல்லுக்குள்ளும் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். கல் அங்கேயே பிறந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. இன்னொரு நுட்பம்: கல்லுக்குள் கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் பெரும்பாலும் வெளியே உள்ளதைவிட அதிகமாக இருக்கும். மேலே படிந்த மண்ணின் பாரம் சுற்றிலும் இருந்த இளகிய மணலை நசுக்கியது. அதற்குள் இறுகிவிட்ட உருண்டையை நசுக்க முடியவில்லை. ஆக, பாரம் ஏறுவதற்கு முன்பே திரட்கல் உருவாகிவிட்டது என்பதும் தெரிகிறது.

எவ்வளவு காலம் பிடிக்கும் என்ற கேள்விக்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். நியூசிலாந்தில் மொயராக்கி கடற்கரையில் இரண்டு மீட்டர் அளவுக்கு உருண்டைகள் கிடக்கின்றன. மாவோரி மக்களின் கதைப்படி அவை, கரையில் மோதி உடைந்த பழைய படகொன்றிலிருந்து சிதறிய சுரைக்குடுக்கைகளும் விலாங்குக் கூடைகளும். அவற்றை ஆராய்ந்து 1985இல் வெளியான கட்டுரை, பெரிய உருண்டைகள் வளர 40 முதல் 55 லட்சம் ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று கணக்கிட்டது. மாறாக, ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், சிறு சிப்பிகளைச் சுற்றிய சில சென்டிமீட்டர் திரட்கற்கள் வாரங்களிலும் மாதங்களிலுமே உருவாகியிருக்கும் என்று காட்டினார்கள். ஒன்று பெரியது, மற்றது சிறியது. ஒன்றுக்குக் கால்சியமும் பைகார்பனேட்டும் சொட்டுச் சொட்டாக வந்தன, மற்றதற்குச் சிப்பியின் சதை அழுகியதும் ஒரேயடியாகக் கிடைத்தன. "கல்லாக வேண்டுமென்றால் கோடி வருடம் ஆகும்" என்று நாம் பள்ளியில் பிடித்துவைத்திருக்கும் எண்ணத்தை இந்த இரண்டாவது ஆய்வு அசைத்துவிட்டது. எனக்கு மிகப் பிடித்த ஆய்வுகளில் அது ஒன்று.

பிறகு இந்தியாவும் அரேபியாவும் வடக்கே நகர்ந்து மோத, டெத்திஸ் மூடிக்கொண்டது. மாங்கிஸ்தாவின் கடலடி தரையாக உயர்ந்தது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயில், குளிர்காலத்தில் உறைபனி, ஓயாத காற்று. விரிசலில் புகுந்த தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் பெருக்கும். அந்த அழுத்தத்தில் பாறை தெறிக்கும். கால்சைட் ஒட்டாத மணல் முதலில் உதிர்ந்து போய்விட்டது. ஒட்டிய பகுதி நின்றுவிட்டது. நீங்கள் படத்தில் பார்க்கும் வெட்டவெளி முழுவதும் ஒரு காலத்தில் உருண்டைகளின் தலைக்கு மேல்வரை மண்ணாக இருந்த இடம். போனது மண், உருண்டைகள் வேறெங்கிருந்தும் வந்தவையல்ல. பிளந்து கிடப்பவற்றைப் பிளந்ததும் இதே பனிதான். உள்ளே படிவுக் கோட்டிலோ, இறுகும்போது விழுந்த விரிசலிலோ அது வழி கண்டுபிடித்திருக்கிறது.

இனிப் பயணம். ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரையும், செப்டம்பரிலிருந்து அக்டோபர் முதல் பாதி வரையும் நல்ல காலம். மே மாதத்தில் கொஞ்சநாள் புல் பச்சையாக இருக்கும். பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூன், ஜூலையில் போகலாம் என்று நினைக்காதீர்கள். ஒதுங்க ஒரு நிழல் கிடையாது. அக்தாவிலிருந்து வண்டியில் இரண்டு, மூன்று மணி நேரம். தார்ச்சாலையை விட்டு இறங்கியதும் மண்தடம்தான். மழை பெய்த மறுநாள் அந்தக் களிமண்ணில் சாதாரணக் கார் போகாது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியும், வழி தெரிந்த உள்ளூர் ஓட்டுநரும் அவசியம். செல்பேசிச் சமிக்ஞை பல இடங்களில் இருக்காது. ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீராவது வண்டியில் இருக்கட்டும். 2022 ஜூலை முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 14 நாள் வரை கசகஸ்தானில் தங்கலாம் என்ற ஏற்பாடு வந்தது. டிக்கெட் எடுக்கும் முன் அன்றைய விதியை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

அவ்வளவு தூரம் போய் உருண்டைகளை மட்டும் பார்த்துத் திரும்ப வேண்டாம். ஷெட்பேக்கு அருகிலேயே தனியே எழுந்து நிற்கும் ஷெர்கலா மலையும், கோட்டைச் சுவர்கள்போல் அரிக்கப்பட்ட ஐராக்தி மலைகளும் இருக்கின்றன. உக்ரைன் கவிஞர் தாராஸ் ஷெவ்சென்கோ இந்தப் பகுதியில் நாடுகடத்தப்பட்ட படைவீரராக ஏழாண்டுகள் இருந்தவர். எழுதவும் வரையவும் கூடாது என்பது ஜார் மன்னர் அவருக்கு இட்ட கட்டளை. 1851இல் நிலக்கரி தேடிக் கராதாவ் மலைகளுக்குப் போன குழுவில் நண்பர்கள் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பயணத்தில் அவர் வரைந்த ஓவியங்களில் இந்த மலைகள் இருக்கின்றன. கூடுதலாக ஒரு நாள் கிடைத்தால் உஸ்த்யூர்ட் பீடபூமியின் ஓரத்திலுள்ள போஸ்ஜிராவுக்குப் போங்கள். வெள்ளைவெளேரென்ற சுண்ணப் பாறைகள் செங்குத்தாக நிற்கும். மிக நுண்ணிய கடலுயிர்களின் ஓடுகள் படிந்து உண்டான பாறை அது.

தோரிஷில் காலையிலோ மாலையிலோ நில்லுங்கள். சாய்ந்த வெயிலில்தான் படிவுக் கோடுகள் தெளிவாகத் தெரியும். பெரிய உருண்டைகளைவிட, பாதி புதைந்தவற்றையும் பிளந்தவற்றையும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள் உங்கள் மகளை. கல்மேல் ஏறுவதையும், பெயர் கீறுவதையும், வண்டியை உருண்டைகளுக்கு நடுவே ஓட்டுவதையும் தயவுசெய்து தவிருங்கள். கோடிக்கணக்கான ஆண்டுகள் தாங்கிய மேற்பரப்பு ஒரு சாவி முனையில் கெட்டுவிடும், அது மறுபடி வளராது. சிறியதாக ஒன்றை நினைவுக்கு எடுத்து வரலாமா என்று கேட்பீர்கள், வேண்டாம். எந்த அடுக்கில், எந்தப் பக்கம் மேலாக அது கிடந்தது என்பதில்தான் அதன் கதை முழுவதும் இருக்கிறது. குளித்தலை வீட்டு அலமாரியில் வைத்தால் அது வெறும் உருண்டைக் கல். பதிலாக, ஒரு கல்லின் உடைந்த முகத்துக்குப் பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படமெடுத்து, கோடுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று குறித்து அனுப்புங்கள். இரண்டு மூன்று கற்களின் படங்கள் இருந்தால், அவை பிறந்த இடத்திலேயே இருக்கின்றனவா, சரிவில் புரண்டு இறங்கியவையா என்பதை உங்கள் மகளே சொல்லிவிட முடியும்.